சீயா ஹோல்ட்

எங்கள் அப்பப்பா நவரட்ணராஜா முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் வேலை செய்தவர். கடைசிப் பதினொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம், பஸ்கள் பிந்தி வருவதைப் பார்ப்பது.

இதற்காகவே பின்னேரம் நாலு மணிக்கு ஷேர்ட் மாற்றி, சீப்பால் தலை இழுத்து, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கை பெரிய ரோட்டில் ஏறும் வளைவுக்குப் போவார். அங்கே இரண்டு கல்லின் மேல் ஒரு சீமெந்துப் பலகை கிடந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதில் இருந்துகொண்டு, எந்தப் பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவார். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீரைக் கையில் எடுத்தபின் அன்றைய மொத்தத்தை அறிவிப்பார்.

"இண்டைக்கு அறுபத்தெட்டு நிமிசம்."

பல்லேகல மைதானத்தில் வெற்றிக் கிண்ணம் வாங்குகிறவனின் முகம் அப்போது அவருக்கு இருக்கும்.

ஒரு பஸ்ஸிலும் அவர் ஏறியதில்லை. கொண்டக்டர்மாருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "சீயா, நகினவத?" என்று தினமும் கேட்பார்கள். சிங்களத்தில், தாத்தா, ஏறுறீங்களா என்று அர்த்தம். அப்பப்பா கையை உயர்த்தி மணிக்கூட்டைக் காட்டுவார். பஸ் வெட்கத்தோடு போய்விடும்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த மதில் டிரெக்டர் சோமசேகரத்தினுடையது. ஏதோவொரு திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்தவர். ஓய்வுபெறும்போது 'உதவி'யைக் கந்தோரிலேயே விட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அயலவர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

போன வருடம் மதிலை உயர்த்திப் புதுக் கேற் போட்டார். ஒரு பின்னேரம் அப்பப்பாவிடம் வந்து நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, குறை நினைக்கக் கூடாது. நீங்கள் இதில இருந்துகொண்டு எங்கட வீட்டைப் பாக்கிறியள் எண்டு மிஸிஸ் சொல்லுறா."

அப்பப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்கட வீடு வாறதும் இல்லை, போறதும் இல்லை. அதைப் பாத்து நான் என்னத்தை எழுதுறது?"

அடுத்த கிழமை நாங்கள் போனபோது பலகை இல்லை. சுத்தியலால் உடைத்து அள்ளியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒன்பது பூச்சாடி, ஒன்பதிலும் போகன்வில்லா. நடுவில் ஒரு ஆள் குந்தக்கூட இடமில்லாமல் கணக்காக வைத்திருந்தார்கள். அப்பப்பா கொஞ்ச நேரம் சாடிகளைப் பார்த்தார். கொப்பியை எடுத்து எழுதினார்: 'ஆசனம் அகற்றப்பட்டது. 4.10 பஸ், 17 நிமிடம் தாமதம்.'

எண்பத்தொரு வயது. அன்றிலிருந்து லைட் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீட்டிலயிருந்து ஒரு கதிரை கொண்டுவாறன் அப்பப்பா" என்றேன்.

"ஸ்டேஷனுக்கு ஆராவது கதிரை கொண்டு போறவையே?"

அவருக்குத் தெரியாமல் நான் சோமசேகரத்தின் கேற்றைத் தட்டினேன். பலகையைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. அவர் கேற்றை முழுதாகத் திறக்காமலே பதில் சொன்னார்:

"இருக்க வேணுமெண்டா அவரை வீட்டில இருக்கச் சொல்லும் தம்பி."

நாலு மாதம் நின்றார். ஒக்டோபரில் ஒரு மழை நாள், பஸ் தெறித்த தண்ணீருக்கு விலகப்போய், ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கால் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. பதினேழாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். கடைசியாகக் கேட்டது, நாலு பத்து வந்துவிட்டதா என்று. இல்லை என்றேன். திருப்திப்பட்டார்.

செத்தவீட்டுக்குச் சோமசேகரம் வந்தார், முன்வரிசைக் கதிரையில் இருந்தார். சங்கத் தலைவர் என்பதால் பேசவும் செய்தார்.

"அமரர் நவரட்ணராஜா அவர்கள், கடைசி நாள் வரைக்கும் சொந்தக் காலிலே நின்ற மனிதர்!"

சனம் தலையாட்டியது. பக்கத்தில் நின்ற என் கம்பஸ் நண்பன் அஹ்னாப் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிடித்திருக்கத் தேவையில்லை. நான் மிகவும் அமைதியாக இருந்தேன். இந்த மனிதரை ஒருநாள் நிற்க வைக்க வேண்டும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அப்பா ஒரு அன்னதானம் கொடுக்கலாம் என்றார். நான் பஸ் தரிப்பிடம் கட்டலாம் என்றேன். எங்கள் ஊரில் அது புதிதல்ல. கண்டியைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும், மழைக்கு ஒதுங்கினால் யாரோ ஒரு செத்தவரின் பெயருக்குக் கீழேதான் ஒதுங்க வேண்டும். அப்பா சந்தோஷப்பட்டார். அம்மா றஞ்சனா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க கட்டப் போறாய்?"

"அப்பப்பாவுக்குப் பிடிச்ச இடத்தில."

"யது, நீ புண்ணியம் செய்யிற முகத்தோட நிக்கேல்லை."

அனுமதி எடுக்கப் போன கந்தோரில் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: ஒட்டியுள்ள வீட்டுக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும். அதாவது, பலகையை உடைத்தவரிடமே பலகை போட அனுமதி வாங்க வேண்டும். வெளியே வந்து அஹ்னாபிடம் சொன்னேன். அவன் என்னைத் தெல்தெனியவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய மாமா பளீல் நானா அங்கே கல் வெட்டுகிறவர். அடிக்கல், திறப்புவிழாக் கல், எல்லாம் அவர் கை.

முதலில் எழுத்தின் அளவைப் பற்றிப் பேசினோம்.

"மௌத்தானவர் பேர் ஒரு இஞ்சி" என்றார் பளீல் நானா. "தெறந்து வெக்கிறவர் பேர் ஒண்டரை இஞ்சி. அதான் வழக்கம்."

"செத்தவருக்கு ஏன் நானா சின்னன்?"

"மௌத்தானவர் வந்து சண்டைக்கு நிக்க மாட்டாரே, தம்பி."

நான் பிரச்சினையைச் சொன்னேன். கடிதம் எப்படியோ கிடைத்தாலும், கட்டி முடித்த அடுத்த நாளே அந்த மனிதர் உடைப்பித்துவிடுவார் என்றேன். பளீல் நானா உளியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப அவர் பேரயே தெறந்து வெக்கிறவரா வெட்டுங்க. இருவத்தேழு வருசமா இந்தத் தொழில்ல ஈக்கிறன். சொந்தப் பேர் வெட்டின கல்ல ஒடச்ச மனுசன் ஒத்தர இன்னம் நான் காணல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனம் சரியில்லை. அப்பப்பா ஒரு அங்குலம், அவரை நிற்க வைத்தவர் ஒன்றரை அங்குலம். பிறகு யோசித்தேன்: அப்பப்பாவுக்குப் பெரிய எழுத்துப் பிடிக்காது. பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு பிந்தி வருவது பஸ்களின் குணம் என்பார்.

கடிதத்துக்கு வழி சோமசேகரமே முன்பு ஒருமுறை சங்கக் கூட்டத்தில் சொல்லித் தந்திருந்தார். "முப்பது வருச சேவையில நான் ஒரு கடிதத்தையும் வாசிச்சு மினக்கெட்டதில்லை. கிளாக் பென்சிலால புள்ளடி போட்டுத் தருவான். புள்ளடி இருக்கிற இடத்தில கையெழுத்து. நம்பிக்கைதான் நிர்வாகம்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு நல்ல நாள் பார்த்து ஃபைலோடு போனேன். இந்த முறை கேற் முழுதாகத் திறந்தது. ஃபைலுக்குள் மூன்று தாள், மூன்றிலும் பென்சிலால் அழகான புள்ளடி. முதலாவது, பிரதம விருந்தினராக வரச் சம்மதம். இரண்டாவது, கல்லில் வெட்டப்போகும் வாசகம். மூன்றாவது: 'எனது முன்மதிலை ஒட்டி, கேற்றிலிருந்து ஆறு அடி தூரத்தில், பஸ் தரிப்பிடம் அமைப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' நான் எதையும் மறைக்கவில்லை. எழுத்தின் அளவைக்கூட வழக்கத்தைவிடப் பெரிதாகத்தான் போட்டிருந்தேன்.

முதல் தாளில் உடனே கையெழுத்து வைத்தார். இரண்டாம் தாளை இருபது நிமிடம் வாசித்தார்.

"தம்பி, இந்த 'உதவி' எதுக்கு? கல்லில இடம் வீண்."

"எடுக்கிறன் அங்கிள்."

"'முன்னாள்' எண்டு கிடக்கு."

"அது இல்லாட்டி இப்ப இருக்கிற பணிப்பாளர் கோவிப்பாரல்லோ?"

"கடைசியில போடும். அடைப்புக்குறிக்குள்ள, சின்னனா, 'ஓய்வு' எண்டு." பேனையை மூடப்போனவர் கேட்டார்: "இவர் நவரட்ணராஜா ஐயாவின்ர பேர் கீழதானே வருது?"

"கீழதான் அங்கிள். ஒரு இஞ்சி."

"போதும். எளிமையான மனுசன்."

மூன்றாம் தாளைப் புரட்டினார். புள்ளடியைக் கண்டார். கை தானாகப் போய்க் கையெழுத்து வைத்தது. முப்பது வருடப் பழக்கம். பேனை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"எங்கயப்பா கட்டுறியள்?" என்றார், ஃபைலை நீட்டிக்கொண்டே.

"அப்பப்பாவுக்குப் பிடிச்ச இடத்தில."

"நல்லது, நல்லது."

அவ்வளவுதான் கேட்டார். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியாதா, மறந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்குப் போதுமான குற்றம்தான்.

அடுத்த மாதம் அவரும் மனைவியும் மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் இரண்டு மாதத்துக்குப் போனார்கள். போன மூன்றாம் நாள் வேலை தொடங்கியது. ஒன்பது பூச்சாடியையும் தூக்கி அவருடைய கேற்றுக்குள் வரிசையாக வைத்தோம். ஒன்றும் உடையவில்லை. உடைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. தகரக் கூரை, நாலு தூண், மூன்று பேர் இருக்கக்கூடிய சீமெந்து ஆசனம். லைட் போஸ்ட் கூரைக்கு வெளியே, கேற் பக்கத்து ஓரமாக அப்படியே நின்றது. கேற் இருக்கும் பக்கத்துத் தூணில், கல்லறைகளில் பதிப்பார்களே, அந்த மாதிரி மாபிள் தட்டில் அப்பப்பாவின் படம் பதித்தோம். அந்தப் பக்கம் பார்க்கும்படி பதிக்கச் சொன்னது நான்தான். முன்பு அவர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. இனி வேறெதையும் பார்க்கப்போவதில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏர்போர்ட் வான் அவர்கள் கேற்றடியில் வந்து நின்றது. அப்போது ஆசனத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோமசேகரம் எங்கள் வாசலில் நின்றார். பிளேனில் போடும் கழுத்துத் தலையணை இன்னும் கழுத்தில் இருந்தது.

"ஆர் உமக்கு அனுமதி தந்தது?"

"நீங்கள்தான் அங்கிள்."

பிரதியைக் கொடுத்தேன். மூன்றாம் தாளை முதல்முறையாக வாசித்தார். உதடு அசைந்தது.

"இது ஏமாத்து வேலை!"

"எந்த வரி அங்கிள்?"

தேடினார். கிடைக்கவில்லை. "நாளைக்கே உடைப்பிப்பன். பாத்துக்கொண்டிரும்."

"சரி அங்கிள். உடைக்க முந்தி கல்லை ஒருக்காப் பாருங்கோ. பிறகு கேட்டால் பாக்கேல்லை எண்டு வரக்கூடாது."

கூட்டிக்கொண்டு போய், மூடியிருந்த துணியின் ஒரு மூலையைத் தூக்கினேன். கறுப்புக் கல். பொன்னிற எழுத்து. சோமசேகரம், சோமசேகரம், சோமசேகரம். மூன்று மொழியிலும், ஒன்றரை அங்குலத்தில். கீழே, ஒரு அங்குலத்தில், நவரட்ணராஜா.

கிட்டப் போனார். பிறகு விரலால் தன் பெயரைத் தொட்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தடவிக்கொண்டு போனார். வீதியைக் கடந்து வந்த அம்மாவும் அதைப் பார்த்தாள்.

"இந்தப் பொன் பெயின்ற் மழைக்கு நிக்குமோ?" என்றார் கடைசியில்.

"நிக்கும் அங்கிள். நிக்காட்டித் திருப்பி அடிப்பம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அந்த மனுசன் கல்லைத் தடவினதைப் பாத்தனியெல்லோ? உனக்குப் போதுமோ இனி?"

"இல்லை அம்மா."

"உன்ர அப்பப்பா இப்பிடிச் செய்திருப்பாரோ?"

"செய்திருக்க மாட்டார். அதாலதான் நிண்டவர்."

விழா நன்றாக நடந்தது. சோமசேகரம் ரிபனை வெட்டினார். பொதுச்சேவையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அந்த நேரத்தில் மூன்று பஸ் பிந்தி வந்தது. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. கொண்டக்டர்மார் கல்லை வாசிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒன்றரை அங்குலமும் தெரியாது, ஒரு அங்குலமும் தெரியாது. தெரிந்தது படம் மட்டும்தான். முதல் நாளே ஒருவன் கத்தினான்: "சீயா ஹோல்ட், பஹின்ன!" தாத்தா தரிப்பிடம், இறங்குங்கள் என்று. ஒரு மாதத்தில் அதுவே இடத்தின் பெயராகிவிட்டது. ஆட்டோக்காரரும் அப்படிச் சொன்னார்கள், பார்சல் கொண்டுவருகிற பையன்களும் அப்படிச் சொன்னார்கள். சோமசேகரம் ஃபோனில் 'டிரெக்டர் வீடு', 'பெரிய கறுப்புக் கேற்' என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பது மதிலுக்கு வெளியே கேட்கும். கடைசியில், தோற்ற குரலில்: "சீயா ஹோல்ட் எக லங்க." சீயா ஹோல்ட்டுக்குப் பக்கத்தில். சில நாட்களில் அந்த வசனத்தைக் கேட்பதற்காகவே நான் லெக்சருக்குப் போகாமல் அங்கே இருந்திருக்கிறேன்.

ஜூனில் சோமசேகரத்துக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்தார்கள். கார் ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள். ஒரு புதன்கிழமை காலை, கொட்டும் மழை, கேற் திறந்தது. ஒரு கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியபடி, குடையைப் பிடித்துக்கொண்டு, கிளினிக் அட்டையோடு அவர் வெளியே வந்தார். பத்து இருபது பஸ்ஸுக்கு.

ஆசனத்தில் மூன்று பேருக்கு இடம். ஒரு கரையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். மறுகரையில் நான். நடுவில் என் பை.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கூரையின் ஓரத்தில் நின்றார். காற்று மழையை உள்ளே அடித்தது; குடை மடிந்து திரும்பியது. ஒரு கண்ணால் வழி தேடிக்கொண்டு கையை நீட்டினார். பிடிக்கக் கிடைத்தது லைட் போஸ்ட்தான்.

பத்து இருபது வரவில்லை. பத்து இருபத்தைந்து. பத்து முப்பது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"தம்பி" என்றார் சோமசேகரம், திரும்பாமல். "உங்கட அப்பப்பா எவ்வளவு நேரம் இதில நிக்கிறவர்?"

"நாலு மாசம்."

"நான் கேட்டது ஒரு நாளைக்கு."

"ரெண்டு மணித்தியாலம்."

மழை தகரத்தில் அடித்தது. அவருடைய வலது தோள் முழுதாக நனைந்துவிட்டது. போஸ்ட்டைப் பிடித்து நிற்பவருக்கு நேர் முன்னால்தான் படம் பதித்த தூண் இருக்கிறது. ஆசனத்தில் இருக்கும் எங்களுக்கு அப்பப்பாவின் முகம் தெரியாது. நிற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் யோசித்துக் கட்டவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

"அண்டைக்கு நீர் வந்து கேட்டனீர்" என்றார் அவர். "நான் கேற்றைத் திறந்திருக்க வேணும்."

"என்னட்ட ஏன் அங்கிள் சொல்லுறியள்? முன்னுக்கு நிக்கிறார். சொல்லுங்கோ."

அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, அந்தப் பையை..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

நான் பையைத் திறந்தேன். அவர் அரை அடி முன்னால் வந்தார். உள்ளேயிருந்து அப்பப்பாவின் கொப்பியை எடுத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது, கொண்டக்டர் மழைக்குள் தலையை நீட்டி "சீயா, நகினவத?" என்று கத்தினான். வெள்ளைத் துணி ஒட்டிய கிழவர் ஒருவர் போஸ்ட்டைப் பிடித்து நின்றால் அவன் வேறு என்ன கேட்பான்?

சோமசேகரம் தடவித் தடவி ஏறினார். நான் எழுதினேன்: '10.20 பஸ், 19 நிமிடம் தாமதம். நின்றவர் ஒருவர்.'

கொப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பையை இருந்த இடத்திலேயே வைத்தேன். கிளினிக் ஒரு நாளோடு முடியாது; அவர் திரும்பவும் பஸ்ஸுக்கு நிற்க வருவார்.